கடன் வேறு, கணக்கு வேறு

அக்கா மகளின் காலாண்டுக் கணக்கு விடைத்தாளை என் முன்னால் போட்டுவிட்டு, அக்கா ஒன்றும் பேசாமல் நின்றாள். நூற்றுக்கு 31. 2023 அக்டோபர் அது. பிள்ளை படிப்பது பத்தாம் வகுப்பு. பாஸ் மார்க் 35. பொதுத்தேர்வுக்கு ஏறக்குறைய ஆறு மாதம் இருந்தது.

"டேய், நீ பி.எஸ்ஸி கணக்குதானே படிச்சே. மில்லுலயும் கணக்குதானே எழுதுறே. இவளைக் கொஞ்சம் பாரு."

கோவில்பட்டியில் ஒரு நூற்பாலையில் நான் பார்ப்பது வரவு செலவுக் கணக்கு. அதற்கும் முக்கோணவியலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கல்லூரியை விட்டு வந்து இருபது வருடம் ஆகியிருந்தது. ஆனால் இதையெல்லாம் அக்காவிடம் விளக்க முடியாது. சரி என்று தலையாட்டிவிட்டேன். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு எங்கள் வீட்டு மொட்டைமாடியில் வகுப்பு என்று முடிவானது.

முதல் மூன்று வாரம் நான் பண்ணியது பெரிய தப்பு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீட்டில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற அப்பா, மாமா, சித்தப்பா எல்லோருமே இதைத்தான் பண்ணுகிறார்கள். நான் பாடம் நடத்தினேன். ஒரு கரும்பலகை வாங்கி மாட்டி, ஏற்றக்கோணம், இறக்கக்கோணம், கோபுரம், கலங்கரை விளக்கம் என்று வரைந்து தள்ளினேன். மறந்துபோனதெல்லாம் ஞாபகம் வர வர எனக்கே குஷியாக இருந்தது. ஒவ்வொரு கணக்கின் முடிவிலும் "புரியுதா?" என்பேன். "புரியுது மாமா" என்பாள். அவளுக்கும் நிஜமாகவே புரிந்துதான் இருந்தது. அடுத்தவர் போடும்போது கணக்கு எல்லோருக்கும் புரியும். பக்கத்து வீட்டு வாசலில் இருபத்தொரு புள்ளிக் கோலம் போடுவதை நின்று பார்த்தால் எல்லாம் புரிகிற மாதிரிதான் இருக்கும். நம் கையில் மாவைக் கொடுத்தால்தான் தெரியும் சங்கதி.

மூன்றாவது வாரம், நான் போட்டுக் காட்டிய அதே ஐந்து கணக்குகளைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். ஒன்றுகூட முடியவில்லை. அவள் சோம்பேறி இல்லை. ஒவ்வொன்றிலும் நாலைந்து வரி எழுதியிருந்தாள். அதில்தான் என் கண்ணில் அந்த வரி பட்டது.

−3 − 4 = 7.

"இது எப்படி வந்துச்சு தாயி?"

"மைனசும் மைனசும் சேந்தா பிளஸ் மாமா."

"சரி, உங்கிட்ட மூணு ரூவா கடன் இருக்கு. இன்னும் நாலு ரூவா கடன் வாங்குற. இப்போ உன் நிலைமை என்ன?"

"ஏழு ரூவா கடன்."

"அப்போ மைனஸ் மூணு, மைனஸ் நாலு?"

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். "அது கடன் மாமா. இது கணக்கு" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு ராத்திரி படுத்த பிறகு சிரிப்பு போய்விட்டது. கடன் என்றால் அவளுக்கு உடனே சரியான விடை வருகிறது. ஆக, புத்தியில் ஒரு கோளாறும் இல்லை. கணக்கு நோட்டைத் திறந்ததும் அந்தப் புத்தியை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு, 'மைனசும் மைனசும் பிளஸ்' என்ற மந்திரத்தை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போகிறாள். அந்த மந்திரம் பெருக்கலுக்குச் சொன்னது. கூட்டலுக்கு இல்லை என்று யாரும் அவளிடம் உட்கார்ந்து சொன்னதாகத் தெரியவில்லை.

மறுநாள் மில்லிலிருந்து வந்ததும் அந்தக் காலாண்டு விடைத்தாளை மறுபடி எடுத்தேன். மார்க்கைப் பார்க்காமல், போன மார்க்கைப் பார்த்தேன். தணிக்கை செய்கிற மாதிரிதான். மொத்தம் 69 மார்க் போயிருக்கிறது, எங்கே போனது? ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டேன். கேள்வியையே தொடாமல் விட்டது 27 மார்க். வழியே தெரியாமல் எதையோ எழுதியது 14. சரியாக ஆரம்பித்து, சரியான சூத்திரம் எழுதி, நடுவில் ஒரு குறியிலோ பின்னத்திலோ வகுத்தலிலோ சறுக்கியது 28. அந்த மூன்றாவது கட்டம்தான் என்னைத் தூக்கிப் போட்டது. நான் மூன்று வாரமாக இரண்டாவது கட்டத்துக்கு, அதாவது அந்த 14 மார்க்குக்கு, தொண்டை வற்ற வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஒரு பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க உட்காரும் முன், பழைய விடைத்தாள் இரண்டை வாங்கி இந்தத் தணிக்கையைச் செய்துவிடுங்கள். அரை மணி நேரம்தான் ஆகும். 'கணக்கு வரலை' என்பது நோய் இல்லை, நோயாளி சொல்கிற புலம்பல். வயிற்றுவலி என்றால் எந்தப் பக்கம் என்று டாக்டர் அழுத்திப் பார்க்கிறாரே, அதுதான் இது.

இந்த ஓட்டை எப்போது விழுந்தது என்று யோசித்தால் விடை எளிது. 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது அவள் ஆறாம் வகுப்பு, மூன்றாம் பருவம். பின்னங்களும் முழுக்களும் அந்தப் பருவப் புத்தகத்தில்தான் வருகின்றன. குறை எண்களைக் கூட்டுவது, கழிப்பது, பெருக்குவது ஏழாம் வகுப்பின் ஆரம்பத்தில் வருகிறது. அந்த வருடம் முழுக்க அவள் பள்ளிக்கூடத்தைப் பார்க்கவே இல்லை. வீட்டில் ஒரே செல்போன், அதை அத்தான் லோடு எடுக்கக் கொண்டுபோய்விடுவார். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடியது, இவளும் பார்த்தாள். ஆனால் டிவி இவள் நோட்டை எட்டிப் பார்க்காது. 2021 நவம்பரில் பள்ளி திறந்தபோது நேராக எட்டாம் வகுப்பில் போய் உட்கார்ந்தாள். ஆசிரியர்கள் எட்டாம் வகுப்புப் பாடத்தை நடத்தினார்கள். அவர்களைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை.

எனவே வகுப்பை இரண்டாகப் பிரித்தேன். முதல் இருபது நிமிடம் ஆறு, ஏழாம் வகுப்பு. அப்புறம்தான் பத்தாம் வகுப்பு. பழைய பாடப்புத்தகங்கள் பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவளுக்கு வெட்கம். ஏழாம் வகுப்புப் புத்தகத்துக்குப் பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டு, மேலே ஒன்றும் எழுதாமல் வைத்துக்கொண்டாள். அக்காவுக்குக் கோபம். "பொதுத்தேர்வு எழுதப் போற பிள்ளைக்கு ஏழாவது பாடம் நடத்துறியா?" என்று இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

குறை எண்களை மாடிப்படியில் சொல்லிக் கொடுத்தேன். எங்கள் வீட்டுப் படி நடுவில் ஒரு திருப்பம் உண்டு. திருப்பம்தான் பூச்சியம். மேலே ஏறினால் பிளஸ், கீழே இறங்கினால் மைனஸ். "மைனஸ் மூணுல நில்லு. இன்னும் நாலு இறங்கு." இறங்கினாள். "எங்கே நிக்கிறே?" "மைனஸ் ஏழு." அவளே நின்ற இடத்தை விட்டு நகராமல் படிகளை ஒருதரம் எண்ணிப் பார்த்துக்கொண்டாள். பெருக்கலுக்குப் படி உதவாது. அதற்குக் கடன் சீட்டு. மூன்று ரூபாய்க் கடன் சீட்டு இரண்டைக் கிழித்துப் போட்டால் உனக்கு ஆறு ரூபாய் லாபம், அதுதான் −3 ஐ −2 ஆல் பெருக்குவது. இரண்டு வாரம் இது போதும் என்று நினைத்தேன். ஐந்து வாரம் பிடித்தது. தெரிந்துகொள்வதற்கு ஒரு நாள், பழைய மந்திரம் கையை விட்டுப் போவதற்கு ஒரு மாதம்.

பின்னத்தை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அதைச் சொல்லிக் கொடுத்தது என் அம்மா.

அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் அக்கா மகள் ஐந்தில் இரண்டு என்று எழுதுவாள். மேலே உள்ளதைத் தனியாக, கீழே உள்ளதைத் தனியாகக் கூட்டுவது. நானும் மீச்சிறு பொது மடங்கு அது இது என்று பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன். அன்றைக்கு அம்மா மாடியில் காயப்போட்ட வற்றலை அள்ளிக்கொண்டிருந்தாள். அம்மா படித்தது மூன்றாம் வகுப்பு. கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் தீப்பெட்டி ஒட்டியவள். ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. குரோசுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. அந்தக் கணக்கு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"அம்மா, அரை குரோஸும், குரோஸ்ல மூணுல ஒரு பங்கும் ஒட்டியிருந்தா எத்தனை பெட்டி?"

"எழுவத்திரெண்டும் நாப்பத்தெட்டும். நூத்தி இருவது" என்றாள், வற்றலிலிருந்து தலையை எடுக்காமல்.

அக்கா மகளை அவள் எழுதிய விடையைச் சரிபார்க்கச் சொன்னேன். 144 இல் ஐந்தில் இரண்டு பங்கு. வகுத்துப் பார்த்தால் 57.6 வந்தது. அதைக் கேட்டதும் அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "ஏட்டி, அரை குரோசுன்னாலே எழுவத்திரெண்டு. அதோட இன்னொண்ணு சேந்தா எப்படி குறையும்? ஏஜெண்டு ஏமாத்திட்டானா?"

120ஐ 144ஆல் வகுத்துச் சுருக்கினால் ஆறில் ஐந்து. நோட்டில் சரியான முறையில் போட்டாலும் ஆறில் ஐந்து. அதற்கப்புறம் எந்தப் பின்னம் வந்தாலும் "இது அரையை விடப் பெருசா, சின்னதா?" என்று முதலில் கேட்டுக்கொள்கிற பழக்கம் அவளுக்கு வந்தது. எனக்கும் வந்தது. விடையைக் கண்டுபிடிக்கும் முன், அது ஏறத்தாழ எங்கே இருக்கும் என்று ஒரு யூகம். இது எந்தப் பாடத்திட்டத்திலும் தனிப்பாடமாக இல்லை, ஆனால் பரீட்சையில் பாதித் தப்பை இதுவே பிடித்துவிடும்.

நவம்பர் நடுவில் இன்னும் நாலு பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள். பால்காரர் மகன், தெற்குத் தெருவில் இரட்டைப் பெண்கள், அப்புறம் அவர்களோடு படிக்கிற ஒரு பையன். எல்லோருமே என்னை மாமா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். வந்த அன்றைக்கே எல்லோருக்கும் ஏழாம் வகுப்புக் கணக்கில் ஒரு தாள் கொடுத்தேன். இருபது சின்னக் கணக்கு, பதினைந்து நிமிடம். வகுப்பில் எப்போதும் 80 வாங்குகிற இரட்டையரில் ஒருத்தியும் அதில் நாலு தப்பு விட்டிருந்தாள்.

அரையாண்டுக்கு முன்னால் இன்னொரு கூத்து பண்ணினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் முழுப் பரீட்சை, மொட்டைமாடியில் பந்தல் போட்டு, நான் எதிரே நாற்காலியில். நானே வாட்ச்மேன், நானே கண்காணிப்பாளர். ஒரு மணி நேரத்துக்கு ஒருதரம் "இன்னும் ரெண்டு மணி நேரம்", "இன்னும் ஒரு மணி நேரம்" என்று அறிவிப்பு வேறு. அக்கா மகள் கடைசி அரை மணியில் பேனாவை வைத்துவிட்டு அழுதாள். பால்காரர் மகன் மறுநாள் வரவில்லை. முழுத் தேர்வு வேண்டியதுதான், பள்ளியில் ஜனவரியிலிருந்து மூன்று திருப்புதல் தேர்வு வைக்கிறார்கள், அதுவே போதும். வீட்டிலும் அதையே பண்ணினால் பிள்ளைக்கு மூச்சு விட இடம் எங்கே? அதோடு நிறுத்தினேன். அப்புறம் நாற்பது நிமிடத்துக்கு மேல் எந்தத் தேர்வும் வைக்கவில்லை. திருத்துவதும் அவர்களே, சிவப்புப் பேனாவால். தன் தப்பைத் தானே வட்டம் போட்டுப் பக்கத்தில் ஒரு வார்த்தை எழுத வேண்டும்: குறி, பின்னம், சூத்திரம், அவசரம், கேள்வி புரியவில்லை. ஒரு மாதத்தில் யாருக்கு எந்த வார்த்தை அதிகம் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். பால்காரர் மகனுக்கு எல்லாமே 'அவசரம்'. பால் ஊற்றிவிட்டு ஓடி வருகிறவன், வேறென்ன இருக்கும்.

டிசம்பர் 17, 18இல் எங்கள் மாவட்டத்தில் பெய்த மழையைத் தமிழ்நாடே பார்த்தது. அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்த நேரம், பள்ளிகளுக்கு விடுமுறை. எங்கள் தெருவில் தண்ணீர் வீட்டுக்குள் வரவில்லை, ஆனால் கரண்டு போய்விட்டது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எழுத முடியாது. அப்போதுதான் டப்பா விளையாட்டு பிறந்தது. பழைய வினாத்தாள்களிலிருந்து கேள்விகளைத் தனித்தனியாகக் கத்தரித்து ஒரு காலிக் கடலைமிட்டாய் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். குலுக்கி ஒரு சீட்டை எடுத்துப் படிப்பேன். கணக்கைப் போட வேண்டாம். முதல் வரி என்ன எழுதுவாய் என்று மட்டும் சொல்ல வேண்டும்.

"ரெண்டு பகடை உருட்டப்படுகின்றன."

"மொத்தம் 36 மாமா."

"விட்டம் 14 செ.மீ. உள்ள கூம்பு."

"ஆரம் 7." இதில் 14 என்று சொன்னவர்கள்தான் அதிகம். மூன்றாம் நாள் ஒருவரும் சொல்லவில்லை.

"300க்கும் 600க்கும் நடுவே 7ஆல் வகுபடும் எண்களின் கூடுதல்."

"முதல் எண் 301, கடைசி 595. அப்புறம் எத்தனை எண்ணுன்னு பாக்கணும்." பால்காரர் மகன் 595இல் 301 போக மீதி 294ஐ 7ஆல் மனசுக்குள்ளேயே வகுத்து 42 என்றான். 43 என்றாள் அக்கா மகள். சண்டை வந்தது. தெருவில் கரண்டுக் கம்பம் ஏழு நட்டால் நடுவில் இடைவெளி ஆறுதான் என்று இருட்டிலேயே விரலை விரித்து அவனுக்குக் காட்டினாள். நான் வாயைத் திறக்கவில்லை.

இந்த விளையாட்டின் அருமை எனக்கே பிறகுதான் புரிந்தது. புத்தகத்தில் பயிற்சி 6.2 என்றால் உள்ளே வருவதெல்லாம் ஏற்றக்கோணம்தான் என்று முன்பே தெரிந்துவிடுகிறது. எந்தச் சாவி என்று யோசிக்க வேலையே இல்லை. பரீட்சையில் கேள்வி தன் இயல் எண்ணைச் சொல்லிக்கொண்டு வராது. ஒவ்வொரு பயிற்சியையும் கரைத்துக் குடித்த பிள்ளை வினாத்தாளைப் பார்த்ததும் திகைத்து நிற்பது இதனால்தான். பாடம் பாடமாகப் படிக்கட்டும், ஆனால் வாரத்தில் இரண்டு நாளாவது எல்லாப் பாடத்தையும் ஒரே டப்பாவில் போட்டுக் குலுக்க வேண்டும்.

இனி மார்க் விஷயம். பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளின் அமைப்பு பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. ஒரு மார்க் 14, எல்லாம் எழுத வேண்டும். இரண்டு மார்க் 14இல் பத்து. ஐந்து மார்க் 14இல் பத்து. எட்டு மார்க் இரண்டு: ஒன்று வடிவியல் வரைதல், ஒன்று வரைபடம். கடைசி இரண்டும் சேர்ந்து 16. ஒரு மார்க்கையும் சேர்த்தால் 30. மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கு இந்த முப்பதைப் பிடித்துக்கொண்டு பாஸ் போட வைப்பது எங்கும் நடக்கிற வழக்கம். அதை நான் இழிவாகப் பேச மாட்டேன். பாஸ் ஆகாவிட்டால் பட்டாசு ஆலைக்கோ தீப்பெட்டி ஆபீசுக்கோ போக வேண்டிய பிள்ளைக்கு அந்த 35 ஒரு கதவு. ஆனால் பிள்ளை நாற்பதைத் தாண்டிவிட்டது என்று தெரிந்த பிறகும் அதே முப்பதைச் சுற்றிச் செக்குமாடாக ஓட்டுகிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் கணக்குப் பிரிவு எடுத்துவிட்டு ஜூலையிலேயே அழும்.

சின்னச் சின்ன விஷயங்களில் மார்க் போகும். ஒரு மார்க் கேள்விக்குக் குறியீட்டோடு விடையையும் சேர்த்து எழுத வேண்டும் என்று வினாத்தாளிலேயே போட்டிருக்கும், பாதிப் பேர் குறியீட்டை மட்டும் எழுதிவிட்டுப் போவார்கள். 28ஆவது கேள்வியும் 42ஆவது கேள்வியும் கட்டாயம். சாய்ஸ் இருக்கிறதே என்று அவற்றை விட்டுவிட்டு வேறு பத்து எழுதினால் ஒன்பதுக்குத்தான் மார்க். அவை கடினமாக இருந்தாலும் முதல் இரண்டு வரியாவது எழுதிவிட்டு வா, படிக்கு மார்க் உண்டு என்று தினமும் சொல்வேன். அடித்தல் திருத்தலுக்குப் பயந்து ரஃப் வேலையை உள்ளங்கையில் போடுகிற பிள்ளையும் இருந்தாள். பக்கத்தின் ஓரத்தில் கோடு போட்டு ரஃப் என்று எழுதிப் போடு, எதையும் மறைக்காதே என்றேன்.

நேரக் கணக்கு நாங்கள் வைத்துக்கொண்டது இது: ஒரு மார்க்குக்குப் பதினைந்து நிமிடம், உடனே வடிவியலும் வரைபடமும் முப்பது நிமிடம், அப்புறம் இரண்டு மார்க் முப்பத்தைந்து, ஐந்து மார்க் எண்பது. மீதி இருபது நிமிடம் சரிபார்க்க. எட்டு மார்க்கைக் கடைசியில் வைத்துக்கொள்ளச் சொல்கிறவர்கள் உண்டு. என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. கை நடுங்குகிற நேரத்தில் கவராயம் பிடிக்கக் கூடாது.

வரைபடம்தான் எனக்கு இந்த ஆறு மாதத்தில் பிடித்த பாடம். ஒரு நாள் எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் ரெண்டு எக்ஸ் மைனஸ் எட்டு வரையச் சொன்னேன். −3 முதல் 5 வரை அட்டவணை. அக்கா மகள் −3ஐ வர்க்கப்படுத்தி −9 என்று போட்டாள். ஒய் மதிப்பு −11 வந்தது. அடுத்த வரிசையெல்லாம் சரி. கிராஃப் தாளில் புள்ளி வைத்தபோது ஒன்று மட்டும் கிணற்றுக்குள் விழுந்த மாதிரி கீழே கிடந்தது. அவளோ வளைவை வளைத்து நெளித்து அந்தப் புள்ளி வழியாகவும் கொண்டுபோய்விட்டாள். பாம்பு மாதிரி ஒரு பரவளையம்.

சரியான ஒய் மதிப்புகளை ஒரே வரிசையில் எழுத வைத்தேன்: 7, 0, −5, −8, −9, −8, −5, 0, 7.

"என்ன தெரியுது?"

"ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கு. கண்ணாடி மாதிரி."

"இன்னும்?"

இதற்கு ஒரு நாள் எடுத்துக்கொண்டாள். மறுநாள் படியேறி வரும்போதே கத்தினாள். "மாமா, ஏழு, அஞ்சு, மூணு, ஒண்ணுன்னு குறையுது, அப்புறம் ஒண்ணு, மூணு, அஞ்சு, ஏழுன்னு கூடுது!" அடுத்தடுத்த மதிப்புகளுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தைச் சொல்கிறாள். எக்ஸ் ஸ்கொயருக்கு முன்னால் வேறு எண் இல்லாத எந்த வரைபடத்திலும் வித்தியாசம் இப்படி இரண்டு இரண்டாகத்தான் நகரும். கண்ணாடி உடைந்தால் அட்டவணையில் தப்பு, தாளில் புள்ளி வைக்கும் முன்பே தெரிந்துவிடும். சில கேள்விகளில் கொடுத்த எல்லைக்குள் கண்ணாடியின் ஒரு பக்கம் குறைவாக வரும், அங்கே வித்தியாசம் கைகொடுக்கும். மற்றபடி அளவுத்திட்டம் எழுதுவது, அச்சுகளுக்குப் பெயர் போடுவது, வளைவை ஸ்கேல் வைத்து வரையாமல் கையால் வரைவது, கடைசியில் தீர்வுகளின் தன்மையைச் சொல்வது, இதெல்லாம் பழக்கம்தான். பத்து வரைபடம் வரைந்தால் வந்துவிடும்.

அரையாண்டில் 47 வாங்கினாள். இரண்டாம் திருப்புதலில் 63. மூன்றாவதில் 58. அந்த ஐந்து மார்க் குறைந்ததற்கு அக்கா வீட்டில் ஒரு வேளைச் சாப்பாடு நின்றது. அக்காவிடம் விடைத்தாளைக் காட்டி, 'குறி' என்ற வார்த்தை இதில் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது பார் என்றேன். அவள் மார்க்கைத்தான் பார்த்தாள். பெற்றவளுக்கு அதுதான் கண்ணில் படும்.

கடைசி வாரம் புதுக் கணக்கு எதையும் தொடவில்லை. தேல்ஸ் தேற்றம், பிதாகரஸ் தேற்றம், கோண இருசமவெட்டித் தேற்றம் மூன்றையும் படத்தோடு ஒருதரம் பார்க்காமல் எழுதிப் பார்த்தார்கள். சூத்திரங்களை ஒரே தாளில் ஞாபகத்திலிருந்து எழுதி, விட்டதைச் சிவப்பில் சேர்த்தார்கள். மறுநாள் மறுபடி வெள்ளைத் தாள். நாலாவது நாள் சிவப்பு இல்லை. முந்தைய நாள் சாயங்காலம் ஜாமெட்ரி பாக்ஸை மட்டும் பார்த்தோம். கவராயத்தின் திருகு லூசாக இருந்தால் வட்டம் முடியும் இடத்தில் ஆரம்பித்த இடம் இருக்காது. இரட்டையரில் ஒருத்தியின் கவராயம் அப்படித்தான் ஆடிக்கொண்டிருந்தது. கடைக்கு ஓடினோம். ஒன்பதரைக்கு எல்லோரையும் தூங்கச் சொல்லி அனுப்பினேன். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

தேர்வு முடிந்து பள்ளி வாசலில் நின்றிருந்தேன். கூட்டத்தோடு வந்தவள் என்னைப் பார்த்ததும் எத்தனை எழுதினேன், எதை விட்டேன் என்று ஒன்றும் சொல்லவில்லை. "மாமா, கண்ணாடி உடையல" என்றாள். 42ஆவது கேள்வியில் நாலு வரிதான் எழுதினாளாம். மே மாதம் முடிவு வந்தது, 73. பால்காரர் மகனுக்கு 61. இரட்டையர் இருவரும் தொண்ணூறுக்கு மேல், அதில் என் பங்கு ஒன்றும் பெரிதாக இல்லை. நாலாவது பையன் 38. அவன் வீட்டில் கேக் வெட்டினார்கள்.

மொட்டைமாடி வகுப்பு இன்னும் நடக்கிறது. கரும்பலகை துருப்பிடித்த ஆணியில் தொங்குகிறது, நான் அதில் அதிகம் எழுதுவதில்லை. போன வாரம் புதிதாக ஒரு பையன் வந்தான். உட்கார வைத்து அந்த இருபது கணக்குத் தாளைக் கொடுத்தேன். அக்கா மகள் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. கட்டைச் சுவர் மேல் உட்கார்ந்து அவள் பாட்டுக்கு வகைநுண்கணிதம் போட்டுக்கொண்டிருந்தாள். பையன் மூன்றாவது கணக்குக்கு வந்ததும் எட்டிப் பார்த்தாள். −3 − 4 = 7. நான் வாயைத் திறக்கும் முன் சுவரிலிருந்து இறங்கி அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"தம்பி, உங்கிட்ட மூணு ரூவா கடன் இருக்குன்னு வச்சுக்கோ."